காகிதம் கேட்காத வாக்குச்சீட்டு

அமெரிக்காவில் என் முதல் வாக்கை 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சிகாகோவின் லிட்டில் வில்லேஜ் பகுதியில், என் மகன் படித்த தொடக்கப் பள்ளியின் உள்விளையாட்டுக் கூடத்தில் போட்டேன். அப்போது நான் எச்1பி விசாவில் இருந்தேன். நகரத் தேர்தல், மாநிலத் தேர்தல், அதிபர் தேர்தல் எதிலும் எனக்கு வாக்கு இல்லை. அவற்றில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும்; நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டே 2021இல்தான் கைக்கு வந்தது என்பதால், இதை எழுதும் நாளிலும் அந்த உரிமை எனக்கு வந்து சேரவில்லை. ஆனால் அந்த மாலையில் யாரும் என் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. பெயரும் முகவரியும் உள்ள சான்றுகளைக் காட்டினேன், பிள்ளையின் பெயர் பள்ளிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தார்கள், வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த தாய்மார்கள். வேலை முடிந்த கையோடு, உணவக மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

என்னை அங்கே அழைத்துப்போனவர் எங்கள் வீட்டுக்காரம்மா. மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலத்துக்காரர், இரண்டு அடுக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் குடும்பமும் மேல்தளத்தில் எங்கள் குடும்பமும் இருந்தோம். அக்கம்பக்கத்துக்காரரைக் குறிக்கும் 'வெசினோ' என்ற சொல்லால்தான் இன்றுவரை என்னைக் கூப்பிடுகிறார். அன்று அவர் சொன்னதை அவருடைய மகள் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "அங்கே காகிதம் கேட்க மாட்டார்கள், வெசினோ. நீங்களும் வாருங்கள்." அவர் 'பப்பேலெஸ்' என்றார். காகிதங்கள் என்பதுதான் அதன் நேர்ப்பொருள் என்றாலும், அந்தத் தெருவில் அச்சொல்லுக்கு நாட்டில் தங்கியிருக்கச் சட்டம் கொடுக்கும் அனுமதி என்று பொருள். அவரிடம் அது இல்லை. அவருடைய அனுமதியோடும், அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியும்தான் இதை எழுதுகிறேன்.

நான் வாக்களித்தது உள்ளூர்ப் பள்ளி மன்றத்துக்கான தேர்தல். 1988இல் இல்லினாய் சட்டமன்றம் சிகாகோ பள்ளிகளுக்காக நிறைவேற்றிய சீர்திருத்தச் சட்டத்தால் இந்த மன்றங்கள் பிறந்தன; 1989 இலையுதிர்காலத்தில் முதல் தேர்தல் நடந்தது. ஆறு பெற்றோர், அக்கம்பக்கத்தார் இருவர், ஆசிரியர்களும் பிற ஊழியர்களுமாகச் சிலர், தலைமையாசிரியர் என்று அமையும் இந்த மன்றம்தான் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுத்து நான்காண்டு ஒப்பந்தம் தருகிறது, பள்ளியின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கிறது. இதில் வாக்களிக்கவும் போட்டியிடவும் குடியுரிமை தேவையில்லை. மகனின் பள்ளியில் யார் தலைமையாசிரியராக இருக்க வேண்டும் என்பதில், நாட்டின் அதிபரைத் தேர்ந்தெடுக்க முடியாத எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் ஆளுக்கொரு வாக்கு இருந்தது. மெக்சிகோ முதலிய லத்தீன் அமெரிக்க நாடுகளில் வேர்கொண்ட லத்தீனோ மக்களின் செல்வாக்கு அமெரிக்காவில் வளர்கிறது என்று படிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது அந்தக் கூடமும் அந்த வரிசையும்தான்.

எண்ணிக்கைகளை மறுக்க முடியாது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோ மக்கள் 6.21 கோடிப் பேர். மொத்த மக்கள்தொகையில் 18.7 விழுக்காடு. அந்தப் பத்தாண்டில் இல்லினாய் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ பதினெட்டாயிரம் குறைந்தது. அதே பத்தாண்டில் அங்கே லத்தீனோ மக்கள் மூன்று லட்சம் பேர் கூடினார்கள். சிகாகோ நகரில் பத்துப் பேரில் மூவர் லத்தீனோக்கள். வெள்ளையருக்கு அடுத்த பெரிய சமூகம் இப்போது அவர்கள்தான். என்னை மிகவும் யோசிக்க வைத்த எண் வேறொன்று. 2018இல் அமெரிக்க வெள்ளையரில் அதிகம் பேர் இருந்த வயது 58. லத்தீனோ மக்களில் அதிகம் பேர் இருந்த வயது 11. அந்தப் பதினொரு வயதுப் பிள்ளைகள் இப்போது வாக்களிக்கும் வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆயினும் தலைகளின் எண்ணிக்கை தானாக அதிகாரமாக மாறிவிடுவதில்லை. லிட்டில் வில்லேஜுக்கு மேற்கே ஒட்டியிருக்கும் சிசரோ என்னும் சிற்றூரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் லத்தீனோக்கள். அந்த ஊரின் தலைவர் பதவியில் 2005 முதல் இருப்பவர் லத்தீனோ அல்லர். இரண்டு இடங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு சாலைதான். மக்கள் நிறைந்திருப்பது வேறு, அவர்கள் சொல் சபையில் எடுபடுவது வேறு என்பதை நான் அங்கே கண்ணால் கண்டேன். ஆகவே இந்தச் செல்வாக்கு எந்தெந்த வாசல்கள் வழியாக உள்ளே வந்தது, ஒவ்வொரு வாசலையும் யார் தட்டித் திறந்தார்கள் என்பதே என் கேள்வி.

முதலில் அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 26ஆம் தெருவின் கிழக்கு நுழைவில் மெக்சிகோ பாணியில் செம்மண் நிறத்தில் ஒரு வளைவு நிற்கிறது. 'பியென்வெனிதோஸ் எ லிட்டில் வில்லேஜ்' என்று, ஸ்பானியத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடியும் வரவேற்பு வாசகம் அதில் இருக்கிறது. அதைக் கடந்தால் இரண்டு மைல் நீளத்துக்குக் கடைகள்: ரொட்டிக் கடைகள், நகைக் கடைகள், பதினைந்தாம் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கான குடைபோல் விரிந்த பாவாடைகள் தொங்கும் துணிக்கடைகள், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள், காலணிக்கடைகள். மிச்சிகன் நிழற்சாலைக்கு அடுத்தபடியாகச் சிகாகோவுக்கு அதிக விற்பனை வரி ஈட்டித் தரும் தெரு இது என்று இங்கே பலரும் நெடுங்காலமாகப் பெருமையோடு சொல்வார்கள். ஒன்று உயர்ந்த அங்காடிகளும் சுற்றுலாப் பயணிகளும் நிறைந்த தெரு. மற்றொன்று ஓட்டல் பாத்திரம் கழுவுகிறவர்களும் கட்டடத் தொழிலாளர்களும் வாரச் சம்பளத்தைச் செலவழிக்கும் தெரு.

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்மணி தமாலே விற்பார். பெரிய அலுமினியப் பானையில் அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டு மூடியிருப்பார். மக்காச்சோள மாவை உருட்டி, உள்ளே கறியோ மிளகாயோ வைத்து, சோளத்தட்டையின் உறையில் மடித்து ஆவியில் வேகவைப்பது தமாலே. பனையோலைக் கொழுக்கட்டை தின்று வளர்ந்தவர்களுக்கு அதைப் பிரிக்கும் முறையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாவு அரைக்கும் ஆலைகளிலிருந்து காலைக் காற்றில் சுண்ணாம்பு மணம் வரும், ஏனென்றால் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத் தோல் நீக்கித்தான் அரைக்கிறார்கள். தள்ளுவண்டியில் உணவு விற்பதை 2015 செப்டம்பரில்தான் சிகாகோ நகர மன்றம் சட்டப்படி அனுமதித்தது. அதுவரை அந்தப் பெண்மணி ஒவ்வொரு காலையும் சட்டத்தை மீறிக்கொண்டுதான் தன் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். விற்பனையாளர்கள் சங்கமாகத் திரண்டு ஆண்டுக்கணக்கில் நகர மன்றப் படியேறியதால் வந்த சட்டம் அது.

காகிதம் இல்லாத ஒருவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனது எப்படி என்பது எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்தது. பல மாதம் பழகிய பிறகு அவரே சொன்னார். முன்பணம் 'தந்தா'வில் சேர்ந்தது. நம்மூர்ச் சீட்டுதான் அது: பத்துப் பெண்கள், வாரம் ஆளுக்கு நூறு டாலர், ஒவ்வொரு வாரமும் மொத்தத் தொகை ஒருவருக்கு. ஏலம் கிடையாது, குலுக்கிப் போட்டு எடுத்த எண்ணின் வரிசைப்படி பணம். அவர் ஏழாவது எண். இப்படிப் பல தந்தாக்கள் சேர்ந்து முன்பணம் ஆனது. மீதிக்கு 26ஆம் தெருவிலேயே இருந்த செகண்ட் ஃபெடரல் சேமிப்பு வங்கிக்குப் போனார். செக் நாட்டிலிருந்து வந்த குடியேறிகள் 1882இல் தங்களுக்குள் தொடங்கிய நிறுவனம் அது. நூறாண்டுக்கு முன் இந்தப் பகுதி செக் மக்களுடையது. அங்கிருந்து அரசியலுக்கு வந்த ஆன்டன் செர்மாக் 1931இல் சிகாகோ மேயரானார். அருகிலுள்ள பெருஞ்சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்களும் வருமான வரி கட்டுவதற்காக, ஐடின் என்று அழைக்கப்படும் தனி வரி எண்ணை அமெரிக்க வரித்துறை 1996இல் அறிமுகப்படுத்தியது. மற்ற வங்கிகள் தயங்கியபோது, அந்த எண்ணை வைத்தே வீட்டுக்கடன் கொடுத்த நிறுவனங்களில் செகண்ட் ஃபெடரலும் ஒன்று. வீட்டுக்காரம்மா ஒரு நெகிழிப்பை நிறைய எட்டாண்டு வாடகை ரசீதுகள், மின்கட்டண ரசீதுகள், வரிப் படிவங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாராம். "அந்த அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவ்வளவு காகிதம் இருந்தது, வெசினோ. ஒன்றே ஒன்றுதான் இல்லை." வீட்டுக்கடன் நெருக்கடியில் சிக்கி அந்த வங்கி 2012இல் மூடப்பட்டது, மறு ஆண்டு செல்ஃப் ஹெல்ப் என்னும் கூட்டுறவுக் கடன் சங்கம் அதை எடுத்து நடத்தத் தொடங்கியது. கூட்டுறவாகக் கடன் கொடுக்க ஒருவர் முன்வந்திராவிட்டால் அந்தத் தெருவில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அமெரிக்க லத்தீனோ மக்களின் உற்பத்தியைத் தனி நாட்டின் பொருளாதாரம்போலக் கணக்கிட்டுப் பொருளியலாளர்கள் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறார்கள். 2022ஆம் ஆண்டுக்கு அது 3.6 டிரில்லியன் டாலர் என்று கணக்கிட்டார்கள். தனி நாடாக இருந்தால் உலகின் ஐந்தாவது பெரிய பொருளாதாரமாக இருக்குமாம். இந்த ஒப்பீடு வணிக நிறுவனங்களின் கவனத்தை ஈர்த்தது என்பதில் ஐயமில்லை. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு: தனி நாடாக எண்ணச் சொல்வது, இவர்கள் இந்த நாட்டின் பகுதி என்பதை ஒரு கணம் மறக்கச் சொல்வதுபோல இருக்கிறது. அதைவிட எனக்கு அழுத்தமாகத் தோன்றும் கணக்கு இது. லத்தீனோக்கள் மட்டுமல்லாமல் எல்லா நாடுகளிலிருந்தும் வந்த காகிதமற்றோர் 2022இல் கட்டிய மொத்த வரி 9,670 கோடி டாலர். அதில் 2,570 கோடி டாலர், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதிய நிதிக்குப் போனது. அந்த ஓய்வூதியம் கட்டியவர்களுக்குக் கிடைக்காது. யாரோ ஒரு முதியவரின் மாதாந்திர ஓய்வூதியத்தில், ஓட்டல் அடுக்களையில் நின்று கால் வீங்கிய ஒரு பெண்ணின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

அரசியல் வாசல் இன்னும் தாமதமாகத்தான் திறந்தது. மெக்சிகோக்காரர்கள் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே இரயில் பாதை, இறைச்சிக் கூடம், எஃகாலை என்று சிகாகோவில் உழைத்துவந்தவர்கள். ஆனால் 1981இல் நகரின் வார்டு எல்லைகளை வரைந்தபோது லத்தீனோ, கறுப்பின மக்களின் குடியிருப்புகளைத் துண்டாடி, அவர்கள் எங்கும் பெரும்பான்மை ஆகாதபடி வரைந்தார்கள். கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்று, எல்லைகளை மாற்றி வரையச் செய்து, 1986இல் ஏழு வார்டுகளில் சிறப்புத் தேர்தல் நடந்தது. லிட்டில் வில்லேஜ் இருக்கும் 22ஆவது வார்டில் ஹெசூஸ் 'சூய்' கார்சியா வென்றார்; வடமேற்கில் லூயிஸ் குத்தியெரஸ் வென்றார். நகரின் முதல் கறுப்பின மேயரான ஹரால்டு வாஷிங்டனுக்கு நகர மன்றத்தில் அதுவரை பெரும்பான்மை இல்லை. அந்தச் சிறப்புத் தேர்தலுக்குப் பிறகு மன்றம் 25க்கு 25 என்று சமமாகி, மேயரின் வாக்கு முடிவு செய்வதாக ஆனது. லத்தீனோக்களும் கறுப்பினத்தவரும் சேர்ந்து நின்றதால் வந்த அதிகாரம் அது. இந்தக் கூட்டுக்காக உழைத்தவரான ரூடி லொசானோ என்ற தொழிற்சங்க அமைப்பாளர் அதைக் காண உயிரோடு இல்லை. 1983 ஜூனில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு அதே 22ஆவது வார்டில் போட்டியிட்டு, இரண்டாம் சுற்றுக்குப் போக 17 வாக்குகள் குறைந்து தோற்றிருந்தார். நீதிமன்றமும் வரைபடமும் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு நான் அந்த 17 வாக்குகளைத்தான் சொல்வேன்.

1992இல் குத்தியெரஸ் நாடாளுமன்றத்துக்குப் போனார். தெற்கே மெக்சிகோக்காரர்களையும் வடக்கே போர்ட்டோ ரிக்கோக்காரர்களையும் மெல்லிய கோட்டால் இணைத்து வரைந்த அந்தத் தொகுதி, குளிருக்குக் காதில் மாட்டும் உறைபோல இருக்கிறது என்று ஊரெல்லாம் பேசினார்கள். 2015இல் கார்சியா மேயர் தேர்தலில் நின்று, பதவியில் இருந்தவரை இரண்டாம் சுற்றுக்கு இழுத்துச் சென்று தோற்றார்; பிறகு குத்தியெரஸ் விட்டுச்சென்ற நாடாளுமன்ற இடத்துக்கு வந்தார். இன்று ஐம்பது வார்டுகளில் 14 லத்தீனோ பெரும்பான்மை வார்டுகள்.

இந்த இடத்தில் என் கதையும் ஒரு நூலளவு குறுக்கிடுகிறது. 1975இல் வாக்குரிமைச் சட்டம் விரிவாக்கப்பட்டபோது, ஆங்கிலம் சரளமாகத் தெரியாத மொழிச் சிறுபான்மையினருக்கு அவர்கள் மொழியிலேயே தேர்தல் தகவல்கள் தரவேண்டும் என்ற விதி சேர்ந்தது. டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் ஸ்பானியம் பேசியதற்காக வாக்குச்சாவடியில் அவமானப்பட்ட மெக்சிகோ அமெரிக்கர்களின் போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. ஸ்பானியத்தோடு ஆசிய மொழிகளும் அந்த விதிக்குள் வந்தன. 2011இல் சிகாகோ அடங்கிய குக் கவுண்டி என்னும் மாவட்டத்தில் இந்தியர்களின் எண்ணிக்கை அந்த விதிக்குத் தேவையான வரம்பைத் தொட்டது. அதன் பிறகு இங்கே இந்தியில் வாக்குச்சீட்டு வந்தது. தமிழ் அதில் இல்லை. ஆனாலும் ஓர் இந்திய மூதாட்டி தனக்குத் தெரிந்த எழுத்தில் வாக்குச்சீட்டைப் படிக்க முடிகிறதென்றால், அதற்கு வழியமைத்தவர்களில் நம் நண்பர்கள் பலர் பெயர்கூடக் கேட்டிராத டெக்சஸ் மனிதர்கள் இருக்கிறார்கள். இந்தியச் சங்க விழாக்களில் இதை நான் எழுந்து சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

வீட்டுக்காரம்மா என்னிடம் அதிகம் பேசியது தேர்தல்களைப் பற்றியல்ல, ஒரு பள்ளியைப் பற்றி. 1990களின் இறுதியில் மூன்று புதிய உயர்நிலைப் பள்ளிகள் கட்டுவதாக நகரக் கல்வி நிர்வாகம் அறிவித்தது. அவற்றில் இரண்டு, நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளிகளாக, வடக்குப் பகுதியில் கட்டி முடிக்கப்பட்டன. லிட்டில் வில்லேஜுக்கான பள்ளிக்குப் பணம் இல்லை என்றார்கள். இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. 2001ஆம் ஆண்டு மே 13, அன்னையர் தினத்தன்று, தாய்மாரும் பாட்டிமாரும் அக்கம்பக்கத்தாருமாகப் பதினான்கு பேர் அந்தக் காலி மனையில் கூடாரம் போட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். தண்ணீரும் சாறும் மட்டும். அந்தக் கூடாரத்துக்குத் தொழிலாளர் தலைவர் சேசர் சாவேஸின் பெயரை வைத்தார்கள். பத்தொன்பது நாள் நீடித்தது.

என் வீட்டுக்காரம்மா உண்ணாவிரதம் இருந்தவர்களில் ஒருவர் அல்லர். அவர் இரவுக் காவல் இருந்தவர். உணவகத்தில் வேலை முடித்து இரவு பதினொரு மணிக்குப் போய், மடியில் சின்ன மகளைப் படுக்கவைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பாராம். மே மாதத்திலும் சிகாகோ இரவுகள் குளிரும், மழையும் பெய்தது, சேற்றில் பலகை போட்டு நடந்தார்களாம். உண்ணாமல் இருப்பவர்களுக்கு எதிரில் சாப்பிடக்கூடாது என்பதால், கொண்டுவந்த உணவைப் பேருந்திலேயே தின்றுவிட்டு இறங்குவாராம். "கைது செய்துவிடுவார்கள் என்று பயம் இல்லையா?" என்று கேட்டேன். இருந்தது என்றார். மகளுக்கு அப்போது ஏழு வயது. உயர்நிலைப் பள்ளிக்கு இன்னும் ஏழாண்டு இருக்கிறது, அதற்குள் கட்டிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாராம்.

கணக்கு சரியாக வந்தது. கல்வி நிர்வாகத்தின் தலைமை மாறியது. அந்தக் கோடையிலேயே பணம் ஒதுக்கினார்கள். 2005இல், ஆறு கோடி டாலருக்கும் அதிகச் செலவில், பள்ளி திறக்கப்பட்டது. ஒரே கட்டடத்துக்குள் நான்கு சிறு பள்ளிகள். அவற்றில் ஒன்றின் பெயர் சமூக நீதி உயர்நிலைப் பள்ளி. பெயரையும் பாடத்திட்டத்தையும் வகுப்பதில் அந்தத் தாய்மார்களுக்கு இடம் கொடுத்தார்கள். மகள் அங்கேதான் படித்தாள். இன்று அவள் வேறொரு பள்ளியில் ஆசிரியை. அன்று 2010இல் எனக்காக மொழிபெயர்த்தவள் அவளே.

2006 மே முதல் நாள் ஊர்வலத்தின்போது நாங்கள் இந்தப் பகுதிக்கு இன்னும் வரவில்லை. அலுவலகச் சன்னலிலிருந்துதான் பார்த்தேன். காகிதம் இல்லாமல் இருப்பதையே பெருங்குற்றமாக்க முனைந்த சட்ட வரைவை எதிர்த்து ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வெள்ளைச் சட்டையோடு நகர மையத்தில் நடந்தார்கள். 'இன்று நடக்கிறோம், நாளை வாக்களிப்போம்' என்பது அவர்களின் முழக்கம். அந்த வரைவு சட்டமாகவில்லை. நாளை என்ற சொல்லும் வீணாகவில்லை: 2024இல் நாடெங்கும் வாக்களிக்கத் தகுதிபெற்ற லத்தீனோக்கள் 3.6 கோடிப் பேர்.

அவர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் அவர்களை மதிக்காதவர்கள் என்றே நினைக்கிறேன். டெக்சஸின் எல்லையோர ஸ்டார் கவுண்டியில் நூற்றுக்கு 97 பேர் லத்தீனோக்கள். நூறாண்டுக்கும் மேலாக ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்துவந்த அந்தக் கவுண்டி 2024 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது. அந்த முடிவு எனக்கு வருத்தம் தந்தது. ஆனால் எந்தக் கட்சியும் இனி அவர்களைத் தன் வீட்டுச் சொத்தாக எண்ண முடியாது என்பதும் செல்வாக்கின் ஒரு வடிவம்தான்.

2025 இலையுதிர்காலத்தில் கூட்டாட்சி அரசின் குடிவரவு அதிகாரிகள் சிகாகோவில் பெரும் தேடுதல் நடவடிக்கையில் இறங்கினார்கள். முகமூடியணிந்த அதிகாரிகள் 26ஆம் தெருவுக்கு வந்தார்கள். மாலையில் நடக்க இடமில்லாத நடைபாதை வெறிச்சோடியது. துணிக்கடைகள் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, தட்டினால் முகம் பார்த்துத் திறந்தன. விடியற்காலைத் தமாலே பானையைப் பல வாரம் காணவில்லை. தெருவாசிகள் ஊதல்களை வாங்கி வீடுவீடாகக் கொடுத்தார்கள். அதிகாரிகளின் வண்டி தெருமுனையில் தென்பட்டால் விட்டுவிட்டு ஊத வேண்டும். யாரையாவது பிடித்துக்கொண்டிருந்தால் நீளமாக ஊத வேண்டும்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா மாடியேறி வந்தார். அவர் பல நாளாகப் படியிறங்கித் தெருவுக்கு வரவில்லை. கையில் கயிறு கோத்த ஆரஞ்சு நிற ஊதல் ஒன்று இருந்தது. என் மகன் படித்த அந்தத் தொடக்கப் பள்ளியின் மன்றத்துப் பெற்றோர், காலையில் பிள்ளைகளை விட வருகிறவர்களுக்காக முனைக்கு ஒருவரை நிறுத்துகிறார்களாம். கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் வேண்டுமாம். "உங்களிடம் காகிதம் இருக்கிறதே, வெசினோ" என்றார்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்குப் பள்ளியின் தெற்கு முனையில், கிரீன் கார்டைச் சட்டைப்பையிலும் ஊதலைக் கழுத்திலும் வைத்துக்கொண்டு நின்றேன். எதிர் முனையில் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர் நின்றார். தாய்மார்கள் பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்துவந்தார்கள். எங்களைக் கடக்கும்போது தலையசைத்தார்கள். எட்டே காலுக்கு மணி அடித்து வாசல் கதவை மூடினார்கள். தபால்காரர் கையை உயர்த்தி, நாளைக்கு என்று சைகை காட்டிவிட்டுப் போனார்.